இல்லறப் பக்கம்: 20ஆம் தேதிக்குப் பிறகு இராச் சாப்பாடு

சென்ற இதழில் மளிகைப் பட்டியலைப் பற்றி நாம் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. முதல் தேதியில் பட்டியல் போடுவது எவருக்கும் எளிது, 20ஆம் தேதிக்குப் பிறகு அடுப்பில் எதை ஏற்றுவது என்பதே அக்கேள்வி. சாந்த்ராகாச்சியிலிருந்து ஒரு சகோதரியும், டாட்டாநகரிலிருந்து ஓர் அன்பரும், பிலாஸ்பூரிலிருந்து ஒரு பாட்டியாரும் இதனையே தத்தம் நடையில் எழுதியுள்ளனர். பாட்டியாரின் கடிதத்தில் மட்டும் கேள்வியோடு விடையும் இருந்தது. அதனைப் பின்னர்ச் சொல்லுகிறோம்.

இரயில்வே ஊழியருக்குச் சம்பளம் மாதத்தின் கடைசி வேலை நாளில் வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. கடன் பிடித்தம், பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் தொகை ஆகிய மூன்றும் முதல் ஐந்து நாட்களுக்குள் அதனைப் பாதியாக்கி விடுகின்றன. நம் வீட்டில் அன்னையார், நாம், நம் மனைவியார், குழந்தைகள் இருவர் என ஐவர். அரிசி, பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய் ஆகியவற்றை மாதத் தொடக்கத்திலேயே வாங்கி விடுகிறோம். 20ஆம் தேதிக்கு மேல் காய், மோர், முட்டை, சிறு மீன் ஆகியவற்றிற்கென்று இராச் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 120 ரூபாய் ஒதுக்குவது வழக்கம். கைபேசியைத் தொட்டால் பிரியாணி வாசலுக்கு வந்து சேரும் காலம் இது. கரக்பூரிலும் வருகிறது. ஐவருக்கு அது ஒரு முறை வருமாயின், ஏறக்குறைய ஒரு வாரத்து இராச் சமையல் வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது.

சிக்கனத்தை இரவில் பார்க்க வேண்டியதன் காரணம் வெளிப்படை. காலையில் அவசரம், பகலில் ஆளுக்கொரு டப்பா ஆளுக்கொரு திசையில் போகிறது. அனைவரும் ஒரு சேர உட்காருவது இரவில்தான். வேலையை முன்கூட்டித் திட்டமிடவும், ஒரு பண்டத்தை இரண்டாக்கவும் இரவுச் சமையலே இடங்கொடுக்கிறது.

முதலில் அரிசி. வங்காளத்துக்கு வந்த பின்னரும் பொன்னி அரிசிதான் வேண்டும் என்று இரட்டை விலை கொடுப்போர் நம்மவருள் இன்றும் உளர். இந்நாட்டு மக்கள் நாள்தோறும் உண்பதும் புழுங்கல் அரிசியே என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. கடையில் 'ஷெத்தோ சால்' என்று கேட்டால் போதும். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் ஸ்வர்ணா. அது ஆந்திரத்து மாருட்டேரு ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்து வங்காளத்து வயல்களில் குடியேறிய நெல். ஆகையால் அதுவும் நம்மைப் போன்றதே. சற்றுத் தடித்த சோறு. இரசத்துக்கும் மோருக்கும் நன்றாக நிற்கும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்பொழுது உமியையும் தவிட்டையும் ஒட்டியுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கி விடுவதால், பிறகு தீட்டினாலும் அதில் ஒரு பகுதி தங்குகிறது. தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் துவண்டு விழுந்ததை ஜாவாவில் கண்டு ஆராய்ந்த டச்சு மருத்துவர் ஐக்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நமக்கு அவர் பெயர் பிற்காலத்தில்தான் தெரிந்தது. நம் அன்னையாருக்கு இன்றும் தெரியாது. ஆயினும் அவர் வீட்டில் பச்சரிசி பண்டிகைக்கு மட்டுமே.

சோற்றை வடிப்பவர்கள் கஞ்சியைக் கொட்ட வேண்டா. சத்தில் ஒரு பங்கு அதில்தான் போகிறது. வடிகஞ்சியில் உப்பும் மோரும் கலந்து, நசுக்கிய சின்ன வெங்காயம் நான்கு போட்டால் குழந்தைகளுக்கு மாலைப் பசி அடங்கும். பருப்பு குறைவாக இருக்கும் நாளில் இரசத்துக்கும் குழம்புக்கும் வடிகஞ்சியே உடல் கொடுக்கும். நாம் வாழும் இந்த மேதினிபூர் மாவட்டத்து மண்ணில் கஞ்சியைக் கொட்டுவதற்கு நமக்குக் கை வருவதில்லை. 1942 அக்டோபரில் இப்பகுதியைப் பெரும் புயல் தாக்கியது. அடுத்த ஆண்டு வங்கப் பஞ்சம் வந்தது. கிராமங்களிலிருந்து கல்கத்தாவுக்கு நடந்து சென்றவர்கள் வீடு வீடாக நின்று கேட்டது சோறு அன்று. "பேன் தாவ்", அதாவது "கஞ்சித் தண்ணீர் கொடுங்கள்" என்பதே அவர்கள் குரல். இங்குள்ள முதியோர் இன்றும் அச்சொல்லைக் கேட்டால் ஒரு கணம் பேசாமல் இருப்பார்கள்.

இனிச் சமையலுக்கு வருவோம். நம் வீட்டில் மாதக் கடைசியின் முதல் மரியாதை கொள்ளுக்குத்தான். காலையில் அலுவலகம் புறப்படுமுன் 150 கிராம் கொள்ளைக் கழுவி ஊறவைத்து விடுகிறோம். மாலையில் நிறையத் தண்ணீர் விட்டுக் குக்கரில் வேகவைத்து நீரை வடித்தால், அந்த நீர் இரசத்துக்கு. புளி நெல்லிக்காயளவு போதும். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, நுரை கட்டியவுடன் இறக்கிவிட வேண்டும். வெந்த கொள்ளு துவையலுக்கு. வறுத்த மிளகாய் நான்கு, பூண்டு இரண்டு பல், சிறிது புளி, தேங்காய் ஒரு கீற்று, உப்பு சேர்த்துக் கெட்டியாக அரைக்கலாம். அம்மியில் அரைத்தால் சுவை கூடும் என்பார் அன்னையார். மின்சார அரைவையில் அரைத்தாலும் குழந்தைகள் வழித்துத் தின்னவே செய்கிறார்கள். ஒரு பிடி தானியத்தில் இரண்டு பண்டம் ஆயிற்று. துவையலைச் சோற்றில் பிசைந்து அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டால் தனியாகப் பொரியல் தேவைப்படாது. சோற்றில் குறையும் புரதக் கூறு பருப்பு வகையில் இருக்கிறது. பருப்பில் குறைவது சோற்றில் இருக்கிறது. இரண்டும் ஓர் இலையில் கூடுவதால்தான் ஏழைகளின் உணவு இத்தனை காலம் உடம்பைத் தாங்கியது.

இரண்டாவது, வாழை. வங்காளியரைப் போல வாழையைத் தலை முதல் கால் வரை தின்னத் தெரிந்தவர்கள் நம்மவர் மட்டுமே. இங்கே வாழைப்பூவை 'மோச்சா' என்றும், வாழைத்தண்டைத் 'தோர்' என்றும் சொல்லுவார்கள். (மணமாகி வந்த புதிதில் நம் மனைவியார் கோல் பஜாரில் மொச்சை கேட்க, கடைக்காரர் வாழைப்பூவை எடுத்து நீட்டினார். வாங்கி வந்த பூவில் அன்று உசிலி ஆயிற்று.) ஒரு பூவை ஒரே இரவில் முடித்துவிடுவது வீண். வெளி மடல்களின் முற்றிய பூவை ஆய்ந்து மோரில் போட்டு வைத்து, முதல் நாள் துவரம்பருப்பு சேர்த்து உசிலி செய்யலாம். உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தைப் பொடியாக அரிந்து மறுநாள் கூட்டில் சேர்க்கலாம். தண்டுக்கு மோரும் பாசிப்பருப்பும் போதும். வாழைக்காய்த் தோலை வேகவைத்து, உளுந்தும் மிளகாயும் வறுத்துச் சேர்த்து அரைத்தால் துவையல். பீர்க்கந்தோலும் அப்படியே.

தோல், தண்டு, மடல் இவற்றைச் சுவைப்படச் சமைக்கும் கலை வங்காளத்தில் எவ்வாறு வளர்ந்தது என்பதை அறிந்துகொள்வது நல்லது. அக்காலத்து வங்காளி இந்துக் குடும்பங்களில் கணவனை இழந்த பெண்களுக்கு மீன் கிடையாது, இறைச்சி கிடையாது, வெங்காயமும் பூண்டும் கிடையாது; மைசூர்ப் பருப்புக்கூட விலக்கு. ஏகாதசிதோறும் பட்டினி. மிச்சமுள்ள சில காய்களையும் தோல்களையும் வைத்துக்கொண்டே அப்பெண்கள் எத்தனையோ பண்டங்களை ஆக்கினார்கள். இன்று அவற்றைப் பெரிய ஓட்டல்களில் பாராட்டி உண்கிறார்கள். பாராட்டட்டும். அந்தச் சுவை யாருடைய இலையிலிருந்து எதை எதைப் பிடுங்கியதனால் உண்டாயிற்று என்பதை நாம் மறக்கலாகாது.

கீரையைப் பற்றி ஒரு சொல். இரவில் கீரை ஆகாது, தயிர் ஆகாது என்று பெரியோர் சொல்லுவர். விளக்கு மங்கலாக எரிந்த காலத்தில் கீரையில் புழுவும் பூச்சியும் தெரியாது என்பதற்காக எழுந்த விதியாக இருக்கலாம் என்பது நம் எண்ணம். நம் வீட்டில் மாலை வெளிச்சத்திலேயே ஆய்ந்து இரவில் உண்கிறோம்; எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்னையார் மட்டும் தம் பங்கைப் பகலில் முடித்துக்கொள்வார். இங்கு மலிவாகக் கிடைப்பவை கல்மி என்னும் வள்ளைக்கீரை, புய் என்னும் கொடிப்பசலை, சிவப்புத் தண்டுக்கீரை. சேம்பின் தண்டும் மலிவு. புளி விட்டுக் கொதிக்க வைத்தால் நாக்கை அரிக்காது. இரயில்வே குடியிருப்புகளில் முருங்கை மரம் இல்லாத வரிசை அரிது. மாசி, பங்குனியில் அதன் பூவை வங்காளியர் வதக்கி உண்பதைப் பார்த்து நாமும் கற்றுக்கொண்டோம். அடுத்த வீட்டு மரமாயின் கேட்டுப் பறிக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புலால் உண்ணும் குடும்பங்கள் பெரிய மீனின் துண்டுகளுக்கு ஆசைப்படாமல் மௌரலா போன்ற பொடிமீனை வாங்கலாம். முள்ளோடு தின்னக்கூடியதாகையால் சுண்ணாம்புச் சத்தும் சேருகிறது. கால் கிலோவில் புளிக்குழம்பு வைத்தால் ஐவர் உண்டு, மறுநாள் காலைப் பழையதற்கும் சிறிது மிஞ்சும். மீன் குழம்பும் வற்றல் குழம்பும் மறுநாள்தான் ருசி என்பதை விளக்க வேண்டியதில்லை.

பழையதைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இவ்வூரில் அதற்குப் 'பாந்தா பாத்' என்று பெயர். 2021இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிச் சமையல் போட்டியின் இறுதிச் சுற்றில், வங்கதேசக் குடும்பத்தில் பிறந்த கிஷ்வர் சௌத்ரி என்னும் பெண்மணி இந்தப் பழைய சோற்றைத்தான் செய்து வைத்தார். அவருக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. அதுவரை பழையதை மறைத்து வைத்து உண்ட வீடுகளில் அன்றிலிருந்து கதவைத் திறந்து வைத்து உண்கிறார்கள்! நம் குழந்தைகளும் பள்ளியில் அதனைச் சொல்லிக்கொண்டதாகக் கேள்வி.

எரிவாயுவும் செலவுதான். 14.2 கிலோ உருளையை மாற்றிய தேதியை நாட்காட்டியில் குறித்து வைக்கும் பழக்கம் நம் மனைவியாருடையது. குக்கரின் அடுக்குப் பாத்திரங்களில் சோறு, பருப்பு, காய் மூன்றையும் ஒரே வேக்காட்டில் முடித்துக்கொள்கிறார். குருணைக் கஞ்சியை நன்றாகக் கொதிக்க வைத்து இறக்கி, பாத்திரத்தைச் சணல் சாக்கில் பொதிந்து வைத்தால் அரை மணியில் தானே மலர்ந்திருக்கும். சணலுக்கா வங்காளத்தில் பஞ்சம்?

இனி, பெயரும் ஊரும் வேண்டா என்ற குறிப்புடன் ஓர் அன்பர் எழுதிய கடிதத்துக்கு வருகிறோம். உண்மையில் இம்மாதப் பக்கத்தை எழுதத் தூண்டியது அதுவே. அவருக்கும் மூன்று குழந்தைகள். கடன் வாங்காமல் மாதத்தை ஓட்டுகிறார்கள். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. சென்ற மாதக் கடைசியில் அவர் மனைவியார் தண்ணீர்க் குழாயடியில் மயங்கி விழுந்துவிட்டார். மருத்துவர் சோதித்து, இரத்தத்தில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்று கூறியிருக்கிறார். "எங்கள் வீட்டில் ஒருவரும் பட்டினி கிடந்ததில்லை, ஐயா, அவள் மட்டும் எப்படி?" என்று அன்பர் கேட்கிறார்.

அன்பர் ஒரு வாரம் அடுக்களையில் உட்கார்ந்து பார்த்தால் விடை கிடைக்கும். குழந்தைகளுக்குப் போட்டு, கணவருக்குப் போட்டு, பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதைச் சோற்றைப் புரட்டித் துடைத்து உண்பவர் யார்? முட்டை நான்கு இருந்து ஆட்கள் ஐவராக இருந்தால் அந்த ஐந்தாமவர் யார்? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. அவர்களில் ஏழைகள் மட்டும் இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டா.

நம் தந்தையார் 2006இல் பணியில் இருக்கும்பொழுதே காலமானார். நமக்கு அப்பொழுது வயது 17. அவர் வழியாக நமக்கு வேலை கிடைப்பதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை குடும்ப ஓய்வூதியத்தில் அன்னையார் எங்களை நடத்தி வந்தார். மேலே சொன்ன கொள்ளும் தோல் துவையலும் அந்நாட்களின் சமையல்தான். அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் இரவில் எங்களுடன் உட்கார்ந்து உண்டதாக நமக்கு நினைவில்லை. பகலில் உண்டது செரிக்கவில்லை என்பார், தலைவலி என்பார், விரதம் என்பார். அவ்வளவு விரதங்கள் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. இன்று அவருடைய முழங்காலும் முதுகும் படும் பாட்டைக் காணும்போது, அன்று மிச்சமான பணத்தை மருந்துக் கடையில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்றே தோன்றுகிறது.

1965இல் உணவுத் தட்டுப்பாட்டின்போது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு நாட்டு மக்கள் அனைவரையும் வேண்டிக்கொண்டார். நம் வீடுகளிலோ எவரும் வேண்டாமலே ஒருத்தி மட்டும் நாள்தோறும் துறந்து வருகிறாள். அந்தக் கணக்கைச் சிக்கனத்தில் சேர்த்து எழுதிக்கொள்கிறோம். வரவு செலவு நோட்டில் அது ஒரு பிழையான பதிவு என்பது, ஒரு குமாஸ்தாவாகிய நமது தீர்மானமான அபிப்பிராயம்.

பிலாஸ்பூர்ப் பாட்டியாரின் விடை இங்கேதான் பொருந்துகிறது. அவர் வீட்டில் சமையல் முடிந்ததும், பரிமாறுவதற்கு முன்பே, சமைத்தவளுக்கு உரியதை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுவார்களாம். குழம்பில் அடிமண்டி அன்று, நடுக்கரண்டி. அதனை எவரும் தொடக்கூடாது. விருந்தினர் வந்தாலும் கூடாது. அவர் மாமியார் காலத்திலிருந்து வரும் வழக்கம் என்று எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட மாமியார் நாடெங்கும் வாய்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நம் வீட்டில் வேறொரு வகையில் செய்கிறோம். பாத்திரங்களை நடுவில் வைத்து ஐவரும் ஒரே நேரத்தில் உட்காருகிறோம்; குறைந்தால் ஐவருக்கும் குறையும். முட்டை நான்கானால் வேகவைத்து அரிந்து குழம்பில் போட்டுவிட வேண்டும். யாருக்கு முழு முட்டை என்ற பேச்சே எழாது. முதல் சில நாட்கள் அன்னையார் எழுந்து எழுந்து போனார். பேத்தி கையைப் பிடித்து உட்கார்த்தி வைத்த பிறகு பழகிவிட்டது.

கடிதம் எழுதிய அன்பருக்குச் சில குறிப்புகள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை அவர் சொன்ன காலம் முழுவதும் நிறுத்தாமல் கொடுங்கள். மயக்கம் தீர்ந்தவுடன் நிறுத்திவிடுவது பலர் செய்வது. கீரையும் பருப்பும் உண்ணும் வேளையில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளச் சொல்லுங்கள். புளிப்பிலுள்ள உயிர்ச்சத்து இரும்பை உடம்பில் ஏற்றிக்கொள்ள உதவும். இங்கே கிடைக்கும் கந்தராஜ் எலுமிச்சையின் மணம் வேறெங்கும் கிடைக்காது. சாப்பிட்டவுடன் தேநீர் குடிக்கும் வழக்கம் இருந்தால், ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். தேநீர் இரும்புச்சத்தைத் தடுத்துவிடும். மாலை வேளையில் ஒரு பிடி வறுத்த கடலை அவர் கையில் கொடுங்கள். குழந்தைகளுக்குப் பங்கிட்டுவிடாமல் அவரே தின்னும் வரை அருகில் இருங்கள்.

கொள்ளு எங்கே கிடைக்கும் என்று கேட்ட சாந்த்ராகாச்சிச் சகோதரிக்கு: வங்காளிக் கடையில் 'குல்தி கலாய்' என்று கேளுங்கள். தெலுங்கர் கடையாயின் 'உலவலு' என்று கேட்க வேண்டும். வாங்கியவுடன் ஒரு முறை கல் பொறுக்கி, வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள். மழைக்காலத்தில் வண்டு விழாது.